காணாது கந்தப்பர் வாய் திறக்காத நாள்

மத்தியானத்தோடு காற்று விழுந்துவிட்டது. சுளகு நிறைய நெல்லை அள்ளித் தலைக்கு மேலே தூக்கிய என் கணவர் தில்லைநாதன், கொட்டாமலே அதைக் கீழே இறக்கினார். காற்று இல்லாமல் தூற்றினால் நெல்லும் பதரும் ஒன்றாகக் காலடியில்தான் விழும். களத்தின் நடுவில், ஊரே அம்மான் என்று கூப்பிடும் இளையதம்பியின் நெல் எருமைகள் மிதித்தபின் குவிந்து கிடந்தது. அது தூற்றி ஒதுங்கினால்தான் பக்கத்தில் நின்ற எங்கள் சூட்டை, கதிர்க்கட்டுக் குவியலைப் பிரித்து மிதிக்க எருமைகளை விடலாம். வடகிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மாசியில் மழை பெய்யக்கூடாது என்று சட்டமா போட்டிருக்கிறார்கள்?

நாங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து இரணைமடு வாய்க்காலோரம் காணி பிடித்த குடியேற்றக்காரர். எங்களிடம் மண்வெட்டி இருந்தது, வாய் இருந்தது, எருமை இருக்கவில்லை. அம்மான் வன்னியிலேயே பிறந்து வளர்ந்த கமக்காரன், பழைய விவசாயி. களமும் அவருடையது, எருமைகளும் அவருடையவை. எங்கள் ஆண்கள் அவருக்கு வேலை செய்து கொடுப்பார்கள், அவர் எங்கள் சூட்டை மிதித்துத் தருவார். ஆனால் களத்துக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். செருப்போடு வரக்கூடாது. பெண்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது, ஓரத்து மருதமரத்தடியில் இருந்து சமைக்கலாம். நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்று சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லை, முடிஞ்சுது, போதாது என்று பொருள்படும் காணாது என்ற மூன்று சொல்லும் யார் வாயிலும் வரக்கூடாது. பொலிக்குக் காது உண்டாம். குறைச்சொல் கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுமாம். போன வருஷம் அவருடைய சொந்த மருமகன் மயில்வாகனம் மறதியாக "சாக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டான். அவனை வரம்பில் கொண்டுபோய் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, களவேலை ஒப்பேறும்வரைக்கும் உள்ளே விடவில்லை. மகள் அழுதும் மனிதர் அசையவில்லை.

காற்று விழுந்த களத்தில் ஆண்கள் சும்மா இருந்தால் என்ன நடக்கும்? புகையிலை சரியில்லை, தேத்தண்ணியில் சீனி குறைவு, நேற்று வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பியவன் யார் என்று பேச்சு சூடேறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தர் அந்த மூன்றில் ஒன்றைச் சொல்லித் தொலைப்பார். அம்மான் கோபித்துக்கொண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு போனால் எங்கள் வருஷத்துச் சோறு மழையில் முளைத்துவிடும். அப்போதுதான் எனக்குக் கந்தப்பரின் நினைவு வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கந்தப்பர் நினைவு வரும் என்று தில்லைநாதன் சொல்வார். வரட்டுமே.

கந்தப்பர் ஒரு பாவை. முருக்கங்கட்டையில் செதுக்கிய தலை, பல்லி முட்டை போலக் கண், இறகு மாதிரி மெலிந்த உடம்பு. உள்ளே கையை விட்டுக் கயிற்றைச் சுண்டினால் கீழ்த்தாடை திறக்கும். மீசை என்னுடைய தலைமயிர். சீப்பில் கழிந்ததைச் சேர்த்து நானே கொடுத்தேன். சால்வையும் நான் தைத்ததுதான். அவரைப் படைத்த பிரமன், எங்களுக்கு மூன்று காணி தள்ளியிருந்த பரமலிங்கம் அண்ணை. குடியேறின புதிதில் காணி அதிகாரி வந்து கூட்டம் வைத்தபோது, எழும்பிய ஆளெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினார்களாம். காணி காணாது, தண்ணி காணாது, கம்பி காணாது. பின்வரிசையில் இருந்த பரமலிங்கம் அண்ணைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துச் செதுக்கத் தொடங்கினார். அதிகாரி தந்த காணி வேலிக்குள் அடங்கியது, கந்தப்பர் அடங்கவில்லை. எந்தக் கதையில் வந்தாலும், என்ன கொடுத்தாலும், அவர் கழுத்தை நீட்டிக் கீச்சுக் குரலில் ஒரு சொல் சொல்வார்: "காணாது!"

முதன்முதலாக அவரைப் பார்த்தபோது நான் இந்தக் காட்டுக்கு வந்து ஒரு போகம்கூட ஆகவில்லை. நுளம்புக்கடி, யானைப் பயம், பேச ஒரு பெண்பிறவி கிடையாது. நான் நாள்முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் கந்தப்பருக்குப் பெண்சாதிப் பாவை சோறு போட்டாள். காணாது. பானையோடு கவிழ்த்தாள். காணாது. கடைசியில் பானையைத் தலையில் கவிழ்த்துவிட்டாள். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது: "காணாது." தில்லைநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர, வெட்கமில்லாமல் சிரித்தேன். அந்தக் காட்டில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது. அன்றிலிருந்து கந்தப்பர் எங்கே ஆடினாலும் முன்வரிசையில் நான் இருப்பேன்.

மருதமரத்தடியிலிருந்தே கூப்பிட்டேன். "பரமலிங்கம் அண்ணை, காத்து வருமட்டும் கந்தப்பரைக் கொஞ்சம் ஆட்டுங்கோவன்."

களத்தில் ஒரு கலகலப்பு. அம்மான் வெற்றிலையை மென்றபடி கையை உயர்த்தினார். "பொறு பிள்ளை. உந்தப் பாவை அந்தச் சொல்லைத்தானே சொல்லும்?"

"மரத்தடியிலைதானே அம்மான் ஆட்டுறது, களத்துக்குள்ளை வராது."

"மரத்தடி என்ன, குளக்கட்டு என்ன. பொலிக்குக் கேக்கும்."

பரமலிங்கம் அண்ணை தலையைச் சொறிந்தார். "அந்தச் சொல்லு இல்லாட்டி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லகாலம், அம்மான் அந்த நேரம் துப்பத் திரும்பியிருந்தார். அண்ணை என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார், "தங்கச்சி, அதைச் சொல்லாமல் கந்தப்பர் எப்பிடிக் கந்தப்பர்? உப்பில்லாக் கஞ்சியெல்லோ."

"அவர் சமாளிப்பார் அண்ணை. எனக்கு அவரைத் தெரியும்."

"அவரை எனக்குத் தெரியாதோ?" என்று சிரித்தார்.

நான் அம்மானைப் பார்த்து, "கந்தப்பர் வாய் திறக்கமாட்டார் அம்மான். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னதன் பாரம் விளங்கியது. களத்தில் நின்ற தில்லைநாதன் தலையில் கையை வைத்தார்.

பரமலிங்கம் அண்ணை வீட்டுக்கு ஓடிப்போய்க் கடகத்தில் பாவைகளைக் கொண்டுவந்தார். மரத்தடியில் நின்ற வண்டிலின் சில்லுக்குக் குறுக்கே சாக்கைக் கட்டி, பின்னால் குந்தினார். ஆண்கள் களத்தோரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மான் மட்டும் நின்றார். கையில் எருமைக் கம்பு.

கந்தப்பர் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பெண்சாதி ஒரு அகப்பை சோறு போட்டாள். கந்தப்பர் சோற்றைப் பார்த்தார். கழுத்து நீண்டது. வாய் திறந்தது. கந்தப்பர் திறந்த வாயோடு மெல்லத் திரும்பிக் களத்துப் பொலியைப் பார்த்தார். பிறகு அம்மானைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். டொக்கென்று வாயை மூடினார்.

மரத்தடி சிரிப்பில் வெடித்தது. பெண்சாதி இன்னொரு அகப்பை போட்டாள். கந்தப்பர் நடுங்கினார். சால்வையை எடுத்து வாய்க்குள் திணித்தார். பிள்ளைகள் "சொல்லுங்கோ கந்தப்பர், சொல்லுங்கோ!" என்று குதித்தார்கள், தாய்மார் ஓடிப்போய் அவர்களின் வாயைப் பொத்தினார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி போல மூன்றாவது அகப்பை விழுந்தது. கந்தப்பர் எழும்பிப் போய் வண்டில் சில்லில் தலையை முட்டினார், திரும்பி வந்தார், சோற்றைப் பார்த்தார், மறுபடியும் போய் முட்டினார். சொல்லாத சொல் அவருடைய தொண்டைக்குள் எலிக்குஞ்சு மாதிரி ஏறி இறங்குவதை நான் கண்ணால் கண்டேன். மரக்கட்டைக்கு ஏது தொண்டை என்று கேட்காதீர்கள். பரமலிங்கம் அண்ணையின் கை அது. ஆயிரம் முறை அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், அதைச் சொல்லமாட்டாமல் அவர் பட்ட பாட்டுக்குச் சிரித்தது போல ஒருநாளும் சிரித்ததில்லை. என் கந்தப்பர் இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மானைப் பார்த்தேன். கம்பு கீழே கிடந்தது. மனிதர் எப்போதோ குந்திவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சாக்குத் திரை உப்பியது. மருத இலைகள் சலசலத்தன. பரமலிங்கம் அண்ணை பாவையாட்டியானாலும் கமக்காரன் அல்லவா, கந்தப்பரைக் கையில் மாட்டியபடியே துள்ளி எழும்பினார். "காத்து! காத்து வந்திட்டுது!" ஆண்கள் எல்லாரும் சுளகுக்குப் பாய்ந்தார்கள்.

"டேய், எங்கை ஓடுறியள்? இருங்கோடா!" அம்மான் குந்தியிருந்தபடியே கத்தினார். "பரமலிங்கம், காணாது! இன்னும் கொஞ்சம் ஆட்டு!"

சுளகுகள் அந்தரத்தில் நின்றன. அம்மானுடைய சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு வடிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் எழும்பினார். பொலியைப் பார்த்துக் கும்பிட்டார். களத்தைவிட்டு இறங்கி, போன வருஷம் மருமகனை நிறுத்திய அதே வரம்பில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

யார் கூப்பிடுவது? சட்டம் அவருடையது, குற்றமும் அவருடையது. அவர் முதலில் பொலி என்று கூவாமல் தூற்றத் தொடங்க யாருக்கும் துணிவு வரவில்லை. காற்று தன்பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது. மேகமும் வந்துகொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். தில்லைநாதன் என்னைப் பார்த்தார்.

"அண்ணை," என்று கத்தினேன், "நீங்கள் போகாதையுங்கோ, கந்தப்பரை விடுங்கோ! கந்தப்பர் போய்க் கதைக்கட்டும்!"

பரமலிங்கம் அண்ணை கையைப் பார்த்தார். கந்தப்பர் இன்னும் அங்கேதான் இருந்தார், சால்வை வாயிலிருந்து தொங்க. இரண்டு பேரும் வரம்புக்குப் போனார்கள். கந்தப்பர் சால்வையைத் துப்பினார். அம்மானின் தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டி முகத்தை எட்டிப் பார்த்தார். திரும்பிப் பொலியைப் பார்த்தார். தன் ஒட்டிய வயிற்றைத் தடவினார். வாய் திறந்தது.

"காணும், கமக்காரனார்," என்றார். "எனக்குக் காணும். வயிறு நிறைஞ்சு போச்சு."

அந்தச் சொல்லை எந்தக் கமக்காரனும் தடைசெய்ததில்லை. அதை யாரும் ஒருநாளும் சொல்வதில்லை, பிறகு ஏன் தடை? கந்தப்பர் வாயில் அது வருமென்று அவருடைய மீசைக்குச் சொந்தக்காரியான நானும் நினைத்ததில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மான் திரும்பினார். பரமலிங்கம் அண்ணையைப் பார்க்கவில்லை, கந்தப்பரைத்தான் பார்த்தார். "மெய்யாவோ?"

"மெய்."

"நான் சொல்லிப்போட்டனே. பிழையெல்லோ?"

"பிழைதான். தேங்காயை உடையுங்கோ," என்றார் கந்தப்பர். "பாதி எனக்கு."

முதலில் சிரித்தது மயில்வாகனம். பிறகு எல்லாரும். அம்மான் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து பிள்ளையாருக்குத் தேங்காயை உடைத்தார். சுளகைத் தூக்கி, கரகரத்த குரலில் "பொலி! பொலியோ பொலி!" என்று கூவினார். நெல் நேராக விழுந்தது, பதர் பறந்தது. ஒருபக்கம் தூற்றி இடம் ஒதுங்க ஒதுங்க, மறுபக்கம் மயில்வாகனம் எங்கள் சூட்டின் முதல் கதிர்க்கட்டுகளைப் பிரித்து எருமைகளை மிதிக்க விட்டான். மேகம் வருமோ போகுமோ, அதைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்கவில்லை.

பரமலிங்கம் அண்ணைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஓடிவந்து கந்தப்பரை என்னிடம் நீட்டினார். "பிடி தங்கச்சி." நான் கையை உள்ளே விட்டேன். உள்ளே அவருடைய கைச்சூடு இன்னும் இருந்தது. காற்று திசைமாறி, பதர் முழுக்க மருதமரத்துப் பக்கம் அடித்தது. பெண்கள் பானைகளை மூடிக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை.

தலை முழுக்கத் தூசியோடு தில்லைநாதன் களத்திலிருந்து கத்தினார். "என்ன பத்மா, கந்தப்பர் என்ன சொல்லுறார்?"

கயிற்றைச் சுண்டினேன். வாய் திறந்தது. சிரிப்பில் எனக்குக் குரல் வரவில்லை. திறந்த வாய்க்குள் பதர் பறந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது.