ஷேரு சாப்பிடாத நாலு நாள்

நாய்க்குப் பேரு முத்துமாலையாம் என்பார்கள். எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் ஷேரு. இந்தியில் சிங்கமாம். முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளைப் பொமரேனியன். பட்டாளத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் முத்துச்செல்வம், லீவுக்கு வந்தபோது பதான்கோட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இருந்த இருபது நாளும் அவரே சோறு வைத்தார், அவரே குளிப்பாட்டினார். அப்புறம் அதை என் தலையில் கட்டிவிட்டு ரயில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து சிங்கம் சாப்பிடவில்லை.

முதல் நாள் பால்சோறு வைத்தேன். மறுநாள் சாளைமீனை முள் எடுத்துப் பிசைந்தேன். மூன்றாம் நாள் ஆட்டு ஈரல். எனக்கே யாரும் அவ்வளவு ஈரல் வாங்கித் தந்ததில்லை. ஷேரு தட்டுக்குப் பக்கத்தில் வரும், எச்சில் ஒழுகும், முனகும். "என்னலே நை நைங்க? நை நைன்னு அழாம தின்னுலே!" என்று அதட்டுவேன். உடனே இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பு! பட்டாளத்துக் கோழிக்கறி கேட்கிறதாக்கும் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

நான்காம் நாள் அதனால் நிற்க முடியவில்லை. சாரலில் நனையாமல் துண்டில் சுற்றி, குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டர் நோய் ஒன்றுமில்லை என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார். "நாளைக்குள்ள வாயால தின்னலைன்னா கஷ்டம்மா" என்றார்.

வீடு திரும்பிய பிறகுதான் என் வீட்டுக்காரருக்குப் போன் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டில் ஈரலை வைத்தேன்.

"ஏங்க, ஒங்க நாய் சாவக் கெடக்கு. இந்தா, தட்டுகிட்ட வருது, மொனங்குது. ஏலே, நை நைங்காம..."

"ஏட்டி, நிறுத்து!" என்று கத்தினார். "இப்ப என்ன சொன்னே?"

"நை நைங்காம தின்னுன்னேன்."

"தெனமும் இப்படித்தான் சொல்லுதியா?"

"சோறு வைக்கும்போதெல்லாம்."

"அடிப்பாவி! இந்தியில 'நை'ன்னா வேண்டாம்னு அர்த்தம்ட்டி. 'நை' சொன்னா தட்டைத் தொடக் கூடாதுன்னு பழக்கி வச்சிருக்கேன்."

கொழுப்பு என்று திட்டினேனே, பாவி! வேளாவேளைக்குச் சோற்றை வைத்துவிட்டு, தின்னாதே என்று சொன்னது நான்தான். உயிர் போகிற பசியிலும் அது என் பேச்சைக் கேட்டிருக்கிறது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் என் பேச்சை இப்படிக் கேட்டவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை.

"இப்ப நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லாத. சும்மா இரு."

சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஷேரு நகர்ந்து நகர்ந்து வந்தது. ஒரு துண்டு ஈரலைக் கவ்வியது. மெல்லவில்லை. அதை வாயில் வைத்தபடியே, நான் ஏதாவது சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தது.