பிடித்துத் தர மாட்டோம்

பொழுது விடியும்போதே கூண்டறையில் தண்ணீர்க் குழாய் சீறத் தொடங்கிவிட்டது. ரப்பர் பூட்ஸோடு குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஜெரால்டின். குளோராக்ஸ் ப்ளீச் நெடி கண்ணைக் கரித்தது. அதையும் மீறிக்கொண்டு மூத்திர வீச்சம். இரு பக்கமும் ரீசஸ் குரங்குகள் கம்பியை உலுக்கிக் கத்தின. மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தில் மரபணு ஆராய்ச்சி மாடியில் நடக்கும். குரங்கைப் பிடித்து ஊசிக்குக் காட்டுவது கீழே இருப்பவர்களின் வேலை.

பக்கத்தில் சல்மா இல்லை. நாகூரிலிருந்து வேலை பர்மிட்டில் வந்தவள். நேற்று ஒரு குரங்கு அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. கிழியாத தோல் கையுறை ஒரே ஜோடிதான் இருந்தது. அதை ஜெரால்டின் போட்டிருந்தாள். "நீ பிடி, நான் கதவைப் பார்த்துக்கிறேன்" என்றவளும் அவள்தான். "அஜாக்கிரதையா கையை விட்டுட்டா, அப்படித்தானே?" என்று மேலாளர் கமலநாதன் கேட்டபோது, சல்மாவின் கண்ணெதிரே தலையாட்டியவளும் அவள்தான். ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கமலநாதன் உள்ளே வந்தார்.

"சல்மா பர்மிட் கேன்சல். சனிக்கிழமை ஃபிளைட். இன்னைக்கு மலர்விழி பிடிக்கட்டும்."

"ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா பாஸ்?" என்றாள் ஜெரால்டின்.

"மருந்து போட்டாச்சு லா. சின்னக் கடி."

"இதுங்க எச்சில்ல இருக்கிற கிருமி மூளைக்கு ஏறினா ஆளே போயிரும்னு ட்ரெய்னிங்ல சொன்னது நீங்கதானே?"

"ஹாஸ்பிட்டல் போனா ரிப்போர்ட் போகும். இடத்தை மூடிட்டா உனக்கும் வேலை இல்ல. யோசிச்சுப் பேசு."

அடுத்த கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த மலர்விழி வந்து கையுறையை மாட்டினாள். கிழிசல் வழியாக இரண்டு விரல்கள் வெளியே தெரிந்தன. ஜெரால்டின் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சல்மா அஜாக்கிரதையா இல்ல பாஸ். நல்ல கையுறையை நான் போட்டுக்கிட்டு அவளைப் பிடிக்கச் சொன்னேன். நேத்து பொய்க்குத் தலையாட்டினேன்."

மலர்விழி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. அவர்களோடு வேலை செய்யும் பக்கிரிசாமி போய்க் குழாயை மூடினார்.

"அப்போ இன்னைக்கு யாரும் பிடிக்க வேணாம்."

"சாப்பாடு போடுவோம், தண்ணி வைப்போம்" என்றாள் மலர்விழி. "அதுங்க என்ன பாவம் செஞ்சுச்சு? ஆனா ஒண்ணைக்கூடப் பிடிச்சுத் தர மாட்டோம். சல்மாவுக்கு வைத்தியம் பாருங்க. எல்லாருக்கும் கையுறை குடுங்க."

"எல்லாரையும் தூக்கிருவேன்!"

"தூக்குங்க. மாடியில இருக்கிறவங்க இறங்கி வந்து பிடிக்கட்டும்."

பக்கிரிசாமியின் காரை வாங்கிக்கொண்டு ஜெரால்டின் தொழிலாளர் ஹாஸ்டலுக்குப் போனாள். வீங்கிய கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் சல்மா.

"நேத்து நான்..."

"பார்த்தேன்க்கா. கார்ல ஏறுறேன். மன்னிச்சுட்டியான்னு மட்டும் கேக்காதீங்க."

கிள்ளான் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். ஜெரால்டின் எதையும் மறைக்காமல் சொன்னாள், தன் பங்கையும் சேர்த்து. மருந்து ஏற்றினார்கள். சில வாரம் கண்காணிப்பில் இருந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மலர்விழி போன் செய்தாள். "கேட்டை அடைச்சுட்டாங்கக்கா. நாங்க வெளியிலதான் உக்காந்திருக்கோம். உணவுக்கிடங்குல வேலை பாக்குற பங்களாதேஷ்காரங்களும் வந்து சேர்ந்துட்டாங்க. சாப்பாடு வைக்க மட்டும் ரெண்டு பேரை உள்ள விடச் சொல்லி நிக்கிறோம்."

சல்மா நல்ல கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

"எந்திரிச்சுராதீங்க. ஊசி முடிஞ்சதும் நானும் வரேன்."