மைனாவின் குரல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவருடைய வேலை. பதினெட்டு வருடமாகிறது. முன்னால் நின்று வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதில்லை. இயந்திரம் இரையும், தண்ணீர் சொட்டும், சீட்டில் எழுதிய பவரைப் பார்த்துத் தேய்த்தால் போதும். திக்குவாய்க்காரனுக்கு இதைவிடத் தோதான வேலை கிடைக்காது என்பார், கேட்பவருக்கு அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுமை இருந்தால்.

எழுத்தில் அவர் திக்கியதே இல்லை. அதனால்தான் தன்னைப் போன்றவர்களுக்காக இணையத்தில் ஒரு சின்னத் தளம் தொடங்கினார். பெரிய தளமொன்றில் இதற்கென்று நாற்பதாயிரம் பேர் கொண்ட குழு ஏற்கெனவே இருந்தது. அங்கே ஒருமுறை மனம்விட்டு எழுதியிருந்தார். அடியில் நாலு சிரிப்புப் பொம்மைகள், நாக்குப் பயிற்சி விளம்பரம் ஒன்று. அரைமணிக்குள் அந்தப் பதிவு எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டது. பத்துப் பேர் இருந்தாலும் காது கொடுத்துக் கேட்கிற இடமாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

அந்தப் பத்துப் பேர்தான் வரவில்லை. ஒரு வருடத்தில் அறுபத்துமூன்று பேர் பதிந்தார்கள். வாய் திறந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று சொல்ல வந்தவர். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், கடைசிப் பதிவு ஐந்து மாதப் பழசு என்று கண்டார்கள், வந்த சுவடு தெரியாமல் திரும்பினார்கள். ஆளில்லாத இடத்தில் முதலில் பேச யாருக்கும் துணிவில்லை. யாரும் பேசாததால் ஆள் சேரவில்லை. பெரிய குழுவில் போய் இணைப்பைப் போட்டுக் கெஞ்சினார். விளம்பரம் என்று தூக்கிவிட்டார்கள்.

"இழுத்து மூடிடுங்களேன்," என்றாள் மனைவி. "அதத் தொறந்து பாக்குறதும் மூஞ்சியத் தொங்கப் போடுறதும். பாக்கவே சகிக்கல."

மூடுவதற்குப் பதில் அவர் ஐந்து பேரை உண்டாக்கினார். ஒரு தையல்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இரண்டு மாணவர்கள், மைனா என்ற பெயரில் வங்கி கவுண்டரில் உட்காரும் ஒரு பெண். வாத்தியார் கேட்பார், தையல்காரர் பதில் சொல்வார். மைனா எல்லோரையும் கலாய்ப்பாள். அவளுக்கு மட்டும் 'ற' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'ர' வரும். அந்தப் பிழைகளை அவர் கவனமாகப் போட்டார்.

பலித்தது. 'ஸ்டியரிங்' என்ற பெயரில் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். பிறகு 'தூறல்' வந்தாள், நர்சிங் படிக்கும் பெண். அவள் மைனாவிடம் ஒட்டிக்கொண்டாள். கவுண்டரில் முதல் நாள் எப்படிப் பேசினீர்கள் அக்கா, சிரித்தவர்களை என்ன செய்தீர்கள் அக்கா என்று மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் வாழ்க்கையில் நடக்காததையெல்லாம் மைனாவின் வாழ்க்கையில் நடந்ததாக எழுதினார் அவர். எழுதும்போது பொய் என்றே தோன்றவில்லை.

ஒரு காலையில் தூறலின் செய்தி வந்திருந்தது. "நாளைக்கு வாய்மொழித் தேர்வு. போன தடவை என் பேரையே சொல்ல முடியாம எழுந்து வந்துட்டேன். நீங்க திக்கிப் பேசுறத ஒரு தடவ கேக்கணும் அக்கா. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூப்பிடுங்க." கீழே எண் இருந்தது.

தொண்டை சரியில்லை என்று எழுதிப் பார்த்தார். "ஒரு வார்த்தை போதும் அக்கா," என்று உடனே பதில் வந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கேட்டே விட்டார்.

"நீ... நீ மைனாவா பே... பேசு. அஞ்சே நிமிஷம். கொஞ்சம் தி... திக்கி."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "உங்களை மாதிரி நான் நடிச்சுக் காட்டணுமா?"

"அந்தப் பொண்ணுக்காக."

"ஸ்கூல்ல அப்படி நடிச்சுக் காட்டினவங்களை இன்னிக்கும் தூக்கத்துல திட்டுறீங்க. நான் பக்கத்துல படுத்துக் கேட்டுட்டு இருக்கேன். என்னால முடியாதுங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு மணிக்குப் பின்னறையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரே கூப்பிட்டார். வாழ்நாளில் தெரியாத ஒருவரை அவர் தொலைபேசியில் அழைத்தது அதுதான் முதல் தடவை.

"அ... அக்கா?" என்றாள் அவள்.

'மைனா' என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றது. 'ம'வில் மாட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நின்றார். மறுமுனையில் அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். அதுதான் அவரை உடைத்தது.

"ம... மைனான்னு யாரும் இல்லம்மா. நான்தான் எ... எழுதினேன்."

"தையல்காரர்?" என்று கேட்டாள்.

"நா... நான்தான்."

"வாத்தியாரும்?"

"ஆமாம்மா. ஸ்டியரிங் மட்டும் நெ... நெஜம்."

"பேங்க்ல... அந்தக் க... கவுண்டர்ல பேசினது?"

"நடக்கல. எனக்கு எ... எதுவுமே நடக்கல."

"அப்ப யாராலயும் மு... முடியல," என்றாள் அவள். அழவில்லை. இணைப்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. நாலாவது முறை அந்த எண் கிடைக்கவே இல்லை.

அன்று மாலையே நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதித் தளத்தின் உச்சியில் வைத்தார். ஐந்து கணக்குகளையும் மூடினார். தூறலின் கணக்கு அதற்குள் போய்விட்டிருந்தது. ஸ்டியரிங் மட்டும் ஒரு வரி எழுதினார்: "போன வாரம் நான் அழுதது யார்கிட்ட?"

"என்னிடம்," என்று இவர் பதில் எழுதினார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கும் வரவில்லை.

அந்தப் பெண் தேர்வுக்குப் போனாளா, பேரைச் சொன்னாளா என்பது அவருக்குத் தெரியவே இல்லை. எந்த மருத்துவமனையைக் கடந்தாலும் வாசலில் நிற்கும் நர்சுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார். எவள் என்று தெரிந்தால்தானே.

வாரத்துக்கு ஒருவர் இருவர் இன்னும் எட்டிப் பார்க்கிறார்கள். அவருடைய ஒப்புதல் வாக்குமூலம்தான் முதலில் அவர்கள் கண்ணில் படுகிறது; போய்விடுகிறார்கள். "அதையாவது கீழ எறக்குங்களேன்," என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் இறக்கவில்லை.

போன மாதம் தன் சொந்தப் பெயரில் ஒரு கேள்வி போட்டார்: தெரியாத எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படிப் பேசினீர்கள்? பதில் இல்லை. வேறொரு பெயரில் பதில் எழுதக் கை பரபரத்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கையைத் தண்ணீரில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.