இலை நரம்பு

மூன்றாவது இலையின் நடு நரம்பைக் கீறிக்கொண்டிருந்தபோது உளி வழுக்கியது. வழுக்கியது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பித்தளைத் தகட்டை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தார். முதல் இரண்டு இலைகளிலும் நரம்புகள் தலைமுடி போல ஒரே இழுப்பில் ஓடியிருந்தன. மூன்றாவதில் கோடு பாதி தூரம் ஒழுங்காக வந்து, அதன் பிறகு குளிரில் விறைத்தவன் போட்ட கையெழுத்துப் போல நெளிந்திருந்தது. உளியை வைத்துவிட்டு வலது கையை விளக்குக்கு முன்னால் நீட்டினார். விரல்கள் ஆடின. பெரிதாக ஒன்றுமில்லை. தெருவில் லாரி போகும்போது டம்ளரில் தண்ணீர் சிலிர்க்குமே, அந்த அளவுக்குத்தான். ஆனால் ஆடின. கையை மடக்கி அக்குளுக்குள் செருகிக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரம் வைப்பதற்கென்று கட்டிய இடம் அது. இப்போது இயந்திரம் ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொள்ள, அதன் தலைமேல் அரங்களும் உப்புத்தாள்களும் பசை டப்பாக்களும் குடியேறியிருந்தன. ஒரு போர்வை துவைக்க வேண்டுமென்றால்கூட ஆயுதக் கிடங்கில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஜன்னலோர மேசையில், இரண்டு மரத்துண்டுகளின் மேல், வாள் கிடந்தது. சிறுவயதில் அவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த ஒரு படத்தில் இளவரசன் ஏந்திய வாள். அலகு, அலுமினியப் பட்டையில் ராவியது. வெண்ணெயைக்கூட வெட்டாது, ஆனால் பார்ப்பவர்கள் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள். கைப்பிடி மரம், அதன்மேல் பின்னிய தோல்வார். மிச்சமிருந்தது, கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக வரும் பித்தளைத் தகடு மட்டும். அதில் வரிசையாக இலைகள், ஒவ்வோர் இலைக்கும் நரம்புகள். கடைக்கு விடுமுறை விடும் நாட்களில் அவர் இந்த அறையில் இருப்பார். மற்ற நாட்களில் தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்ட தன் சலூனில் சவரக்கத்தியோடு இருப்பார். எப்படிப் பார்த்தாலும் கத்தி தொடாத நாள் என்று ஒன்று அவருக்கு இல்லை.

வாளைக் கண்காட்சிக்குப் பதிவு செய்தவன் மைத்துனன். சினிமாவில் வந்த கிரீடம், கேடயம், துப்பாக்கி என்று வீட்டிலேயே அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பவர்கள் அடுத்த மாதம் ஒரு மண்டபத்தில் கூடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு கண்மணிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று நாள் முழுக்க அளந்து அளந்து, உலகமே கொஞ்சம் அளவு தப்பிக் கிடக்கிறது என்பது அவன் மனக்குறை. அளவுகோல் என்று அவனுக்குப் பெயர் வைத்ததே அவன் அக்காதான். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இளவரசன் வாளைக் கதவில் சாய்த்துவைக்கும் காட்சியிலிருந்து அதன் நீளத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவன் அவன். கிட்டத்தில் காட்டும்போது தகட்டில் ஏழு இலை, சண்டை நடக்கும்போது ஆறே இலை, அப்படியென்றால் வாள் ஒன்றல்ல இரண்டு, அதிலும் ஒன்று ரப்பர் என்று கண்டுபிடித்துவிட்டுப் பித்துப் பிடித்தவன் போல அலைந்தவனும் அவன்தான்.

"அப்ப நாம எதைச் செய்யறது மாமா?" என்று துக்கம் கேட்பது போல வந்து கேட்டான்.

"ஏழு இலை. ரப்பர் வாளுக்காடா நான் இவ்வளவு தூசி தின்னேன்?"

தூசி தின்றது உண்மை. மரத்தையும் அலகையும் தேய்த்துக்கொண்டிருந்த வாரங்களில் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்திருந்தது. மருந்துக்கடையில் சொல்லி இரைப்புக்கு ஒரு மாத்திரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரைத்தால் ஒன்று, அடங்காவிட்டால் இன்னொன்று. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கை ஆடியதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்பா தபால்காரர். வாசலில் நின்று கடிதத்தை நீட்டும்போது உறை படபடக்கும். காற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு காற்றில்லாத இடத்திலும் படபடத்தது. கடைசி வருடங்களில் அப்பாவுக்குச் சோறு ஊட்டியதும் முகம் மழித்துவிட்டதும் மகனான அவர்தான். தாடையை இடக்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் ஓர் அலை அடித்து ஓய்கிற இடைவெளி பார்த்துக் கத்தியை ஓட்ட வேண்டும். அப்போதெல்லாம் அவர் மனதுக்குள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வார், எனக்கு மட்டும் இது வேண்டாம் என்று. அப்பாவின் முகத்தைத் தொட்டுக்கொண்டே அப்படி நினைத்ததில் அவருக்கு உள்ளூர வெட்கமும் உண்டு.

அடுத்த சில நாட்கள் தந்திரமாக ஓடின. சவரத்துக்கு வந்தவர்களிடம், கத்தி சாணைக்குப் போயிருக்கிறது என்று சொல்லி மிஷினை எடுத்தார். முடி வெட்டும்போது சீப்பைத் தலையோடு அழுத்திக்கொண்டால் ஆட்டம் தெரியவில்லை. வீட்டில் டீயை மேசையில் வைத்தே குடித்தார், நாளிதழை மடியில் விரித்தே படித்தார். தகட்டை ஒரு துணியில் சுற்றித் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பித்தளை சரியில்லை, வேறு வர வேண்டும் என்று மைத்துனனிடம் சொன்னார். அளவுகோல் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பித்தளையில் என்ன சரியில்லாமல் போகும் என்று அவன் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு காலையில் நீதிமன்றக் குமாஸ்தா வந்து உட்கார்ந்தார். இருபது வருஷமாகக் கத்தியைத் தவிர வேறு எதுவும் அவர் முகத்தில் பட்டதில்லை. தாடைக்குக் கீழே ஒரு மச்சம், மிளகு அளவுக்கு மேடாக. அதை இதுவரை ஒரு தடவைகூடக் கீறியதில்லை என்பதுதான் இருவருக்கும் இடையிலான நட்பு. மிஷினைப் பார்த்ததும் குமாஸ்தா கண்ணாடி வழியாகவே முறைத்தார்.

"இதென்ன? நான் என்ன செம்மறி ஆடா?"

"கத்தி சாணைக்கு..."

"அந்தா தொங்குதே, அது என்ன? நடத்துங்க, நேரமாச்சு."

நுரை பூசினார். பூசுவதில் சிரமமில்லை. கத்தியை விரித்து, தாடையைத் தூக்கிப் பிடித்தார். வாசல் வெயில் கத்தியின் மேல் பட்டு, எதிர்ச் சுவரில் காசளவு வெளிச்சம் விழுந்தது. அது பூச்சி போலத் துடித்துக்கொண்டிருந்தது. குமாஸ்தா நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர், தொண்டையை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது. கத்தியை மடக்கினார். ஈரத்துண்டால் நுரையைத் துடைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். வயித்தைக் கலக்குது. இன்னைக்கு வேற எங்கயாவது போயிக்குங்க."

குமாஸ்தா எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. "உடம்பைப் பாருங்க. நான் தாடியோடயே போறேன், கோர்ட்டு ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது," என்று சொல்லிவிட்டுப் போனார். கடை ஷட்டரை இழுத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

மனைவிக்குப் பார்சல் அலுவலகத்தில் அன்று மதிய ஷிஃப்ட். கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள், வேளை கெட்ட வேளையில் வந்து நின்றவரைப் பார்த்துச் சீப்பைக் கூந்தலிலேயே விட்டுவிட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க."

"எப்படி?"

"டம்ளர்ல பாதிதானே டீ ஊத்தறேன் கொஞ்ச நாளா. நீங்க கவனிக்கலையா?"

அவர் கவனிக்கவில்லை. கொட்டாமல் குடிக்கிறோமே என்று தனக்குத் தானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். கேட்டா நிஜமாயிடுமோன்னு எனக்கும் ஒரு பயம்." சீப்பை உருவினாள். "நாளைக்கு லீவு சொல்லிடறேன். டாக்டர்கிட்ட போறோம். பித்தளை சரியில்லையாம், பித்தளை."

நரம்பு மருத்துவர், அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயதுப் பெண்ணாக இருந்தார். கையை நீட்டச் சொல்லி, விரித்த விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். தாள் சலசலத்தது. நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், நத்தைக்கூடு போல ஒரு சுருளை வரையச் சொன்னார். அப்பாவைப் பற்றி அவர் சொன்னார். டாக்டர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார்.

"அப்பாவுக்குக் கை எப்ப ஆடும்? வேலை செய்யும்போதா, சும்மா இருக்கும்போதா?"

"ரெண்டுலயும்தான். மடியில சும்மா வச்சிருந்தாலே மாத்திரை உருட்டற மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும்."

"இப்ப உங்க கை எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தார். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன, தூங்குகிற பூனைகள் போல. இதை அவர் இதுவரை பார்க்கவே இல்லை. நீட்டி நீட்டித்தானே பார்த்திருந்தார்.

"வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

மனைவி எட்டி, அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை உருவி மேசையில் வைத்தாள். "இது என்னவாம்?"

"அது இரைப்புக்கு. அதை நான் மருந்துன்னே நினைக்கல."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். பாதிக்கு மேல் காலியாகியிருந்ததைப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் பேனாவை மூடிவைத்தார்.

"இந்த மாத்திரையே கையை நடுக்கும். அதுவும் இப்படி அள்ளிப் போட்டா கேக்கவே வேணாம். இதை இன்னையோட நிறுத்துங்க. இரைப்புக்கு வேற எழுதறேன், நெஞ்சு டாக்டரையும் பாத்துடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. நூத்துக்கு நூறுன்னு இப்பவே சொல்ல மாட்டேன். ஆனா உங்க அப்பாவோட நோய் மாதிரி எனக்கு எதுவும் தெரியல."

மனைவி சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி வந்துச்சு இந்த இரைப்பு? தூசில வேலையா?"

"வாள் செய்யறேன் டாக்டர்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. எந்தப் படத்து வாள் என்பதையும் சொன்னார்.

டாக்டரின் புருவம் ஏறியது. "அதுவா? அது கடைசில உடைஞ்சிடுமே."

"உடையறதுக்கு முந்தி இருக்கிற மாதிரிதான் செய்யறேன்."

"மூக்கை மூடிக்கிட்டுச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். அவருக்குத் திடீரென்று அகோரப் பசி எடுத்தது. எதிர்க்கடையில் பன் வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார், பல நாள் பட்டினி கிடந்தவர் போல. மனைவி அவரை ஆசை தீரத் திட்டினாள். மருந்துக்கடைக்காரனைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், அந்த இளவரசனையும் விட்டுவைக்கவில்லை. திட்டத் திட்ட அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பன் புரையேறிக் கண்ணில் தண்ணீர் நின்றது. அது எந்தக் கண்ணீர் என்று இருவரும் ஆராயவில்லை.

மாத்திரை நின்றதும் நடுக்கம் உடனே போய்விடவில்லை. முதல் இரண்டு நாள் அவள் தூங்கி எழுந்ததும் தாளும் கையுமாக வந்து நின்றாள். விரல் மேல் வைத்துப் பார்த்தாள், தாள் சலசலத்தது. அப்புறம் ஒரு காலையில் தாள் சும்மா கிடந்தது. வாரக் கடைசியில் குமாஸ்தாவின் மச்சத்தைச் சுற்றிக் கத்தி வழக்கம் போல வளைந்து திரும்பியது. "சாணை நல்லாப் பிடிச்சிருக்கான்," என்றார் குமாஸ்தா, கண்ணைத் திறக்காமல். வீட்டில் அவர் மூக்கையும் வாயையும் முகமூடியால் இறுக்கிக்கொண்டு, நெளிந்த நரம்பை ராவி எடுத்துவிட்டு மூன்றாவது இலையைப் புதிதாகக் கீறினார். ஏழாவது இலை முடிந்த அன்று மைத்துனன் பூதக்கண்ணாடியோடு வந்து, தகடு படத்தில் இருப்பதைவிட ஒரு நூல் மெலிந்துவிட்டதே மாமா என்றான். இருக்கட்டும்டா என்றார் அவர். அளவுகோலிடம் அந்த வார்த்தையை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று அவருக்கே தெரியாது. இரண்டாம் தடவை போனபோது டாக்டர் கையைப் பார்த்து, திருப்தி என்று தலையாட்டி, எதற்கும் அடுத்த வருஷம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

கண்காட்சி நாளன்று மனைவிதான் வாளைக் கட்டினாள். குமிழிப் பிளாஸ்டிக்கைச் சுற்றி, அட்டை வைத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, உடையும் பொருள், கவனம் என்ற சீட்டையும் அலுவலக வழக்கப்படி ஒட்டினாள். மூவரும் பஸ் ஏறினார்கள். உட்கார இடமில்லை. அவள் வாளைத் தன்னோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நெருக்கியடித்த கூட்டத்திலும் அதற்கு மட்டும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

"என்னம்மா இது, கம்பா?" என்றார் கண்டக்டர்.

"வாள்."

"யாரை வெட்டப் போறீங்க?"

"இனிமேதான் முடிவு பண்ணணும்," என்று அவள் தன் தம்பியைப் பார்த்தாள். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேகமாக அடுத்த ஆளிடம் போனார்.

பெரிய சந்திப்பில் சிக்னல் விழுந்தது. பழைய பஸ். நின்ற இடத்தில் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, இருக்கைகள் அதிர்ந்தன, முன்னால் இருந்தவரின் கன்னச் சதைகூட ஆடியது. தலைக்கு மேலே போன கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை கைகளும், வளையல் போட்டவையும் கடிகாரம் கட்டியவையும், ஒரே தாளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சிக்னல் நீண்டது. ஓட்டுநர் அலுத்துப்போய் எஞ்சினை அணைத்தார். கண்ணாடிகள் ஓய்ந்தன. எங்கோ பின்னால் யாரோ பாதியில் பேச்சை நிறுத்தினார்கள். கம்பியில் கைகள் வரிசையாக, அசையாமல் தொங்கின. அவற்றில் தன்னுடையது எது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கணம் தேவைப்பட்டது.