பானை படித்த கதை

1

இந்தக் கதை தொடங்கும்போது தேர்வுக்கு இன்னும் அறுபத்திரண்டு மணி நேரம் இருக்கிறது. இது கதையாக இருந்திருக்கவே வேண்டாம். நான் படித்த கல்லூரியின் ஆண்டுமலருக்குக் கட்டுரைதான் கேட்டார்கள்: தேர்வுக் காலத்தில் தடுமாறாமல் இருப்பது எப்படி. கேட்ட பெண், "நீங்க எப்பவுமே அமைதியா இருப்பீங்களாமே அக்கா, மேடம் சொன்னாங்க" என்றாள். நான் அமைதியாக இருந்தது வாய் திறக்கப் பயந்து. அதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஒப்புக்கொண்டேன்.

கட்டுரை நான்கு வரி வந்தது. நன்றாகத் தூங்குங்கள். தண்ணீர் குடியுங்கள். கொஞ்சம் நடங்கள். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். படித்துப் பார்த்தால் பிரசவ வார்டு சுவரில் ஒட்டுகிற தாள் மாதிரி இருந்தது. சரி, இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்கிற ஒரு பெண்ணை உண்டாக்கி, என்ன ஆகிறது என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். அறிவியல் படித்த புத்தி.

2

(விடுதி அறையின் ஜன்னல் வழியே மாலை வெயில் மெல்ல— வேண்டாம். அந்த ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் முதுகுதான் தெரியும்.)

விடுதியில் அவளுக்குப் பானை என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்தால் குளிர்ச்சியாம். மற்றவர்கள் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரலுக்கு வந்திருந்த நேரத்தில், அவள் வேளைக்குத் தூங்கினாள், தண்ணீர் குடித்தாள், சாப்பிட்டதும் மொட்டைமாடியில் நடந்தாள். பதற்றம் தாங்காத பெண்கள் அவள் கட்டிலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் தெம்பாகப் போனார்கள். பானைக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இல்லை. படிப்பு விடுமுறை விட்டுப் பதினோரு நாள். வெப்ப இயக்கவியல் புத்தகத்தை அவள் தினமும் திறந்தாள். கண் வரிகளின்மேல் போய்வந்தது. எதுவும் ஒட்டவில்லை. இந்தத் தாளில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டவள். இன்னொரு முறை விட்டால் கடைசி ஆண்டுக்குப் போக முடியாது.

அவளுக்கு ஒரு காரணம் கொடுக்க முயன்றேன். காதல் தோல்வி வைத்தேன். அந்தப் பையன் மூன்றாம் பத்தியிலேயே எனக்குச் சலித்துவிட்டான். அப்பாவை நோயில் படுக்கவைத்தேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்தார் என்று எழுப்பிவிட்டேன். காரணமே இல்லாமலும் இப்படி வரும். கட்டுரையில் எழுதத் தெரியாமல் போனது இதுதான்.

3

யாரிடமாவது சொல்லலாமே என்பீர்கள். தினமும் சொல்கிறாள்.

"ஒண்ணுமே படிக்கலடி."

"நானும்தான்."*

* விடுதியில் இருந்திராதவர்களுக்கு: அங்கே இது வணக்கம் மாதிரி. புத்தகத்தை மூன்று முறை முடித்தவளும் இதைத்தான் சொல்வாள். 'நானும்தான்' என்பது பதில் மரியாதை. நம்புவது அநாகரிகம்.

பதில் சொன்னவள் அறைத்தோழி தொண்ணூற்றெட்டு. ஒரு தேர்வில் அந்த மதிப்பெண் வாங்கி, மீதி இரண்டுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் அழுததில் வந்த பெயர்.

"மூணாவது பாடம் அப்படியே மறந்துபோச்சுடி. நான் அவ்ளோதான்," என்றாள் தொண்ணூற்றெட்டு.

"எனக்கு மொதல் பாடமே தெரியாது."

"நடிக்காத. தெரியாதவ மூஞ்சியா இது?"

"நெஜமா தெரியாதுடி."

"ஆமா ஆமா. எனக்கு என் பேரே தெரியாது."

பானை சிரித்தாள். சிரிக்கவைத்தது என் தவறு. அங்கே அழவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும், நானும் என் முதல் அறிவுரைப்படி தூங்கியிருப்பேன். ஆனால் அழுகிற பெண்களை எழுத எனக்கு வெட்கம்.

4

முடிவு அ: தேர்வுக் கூடத்தில் குழாய் உடைந்து தேர்வு தள்ளிப்போகிறது. (ஒரு மாதம் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். மாதக் கடைசியிலும் அவள் அதே பக்கத்தில் இருந்தாள்.)

முடிவு ஆ: மூச்சை ஆழமாக இழுக்கிறாள், எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. ஆண்டுமலருக்குப் பிடிக்கும். படிக்காதது எப்படி ஞாபகம் வரும் என்று கேட்கிற அளவுக்காவது நான் அறிவியல் படித்திருக்கிறேன்.

முடிவு இ: அவள்

5

இ அப்படியே நிற்கட்டும். அறைக்குப் போவோம். தொண்ணூற்றெட்டுக்கு, வரிகளின்மேல் மஞ்சள் அடிக்கிற தடிப் பேனா தீர்ந்துவிட்டது.

"உன்னோடத குடேன். ரெண்டு பக்கம் அடிச்சிட்டுத் தரேன்."

பானை மேசையிலிருந்து எடுத்து நீட்டினாள். விடுமுறை விட்ட அன்று இருவரும் ஒரே கடையில் ஆளுக்கொன்றாக வாங்கியது. தொண்ணூற்றெட்டு மூடியை இழுத்தாள். வரவில்லை. பேனாவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை வாங்கியபடியே இருந்தது.

"என்னடி, உறையே பிரிக்கல?"

'பழசை வெச்சே ஓட்டிட்டேன்' என்று பானைக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். நல்ல பதில். யாரும் நம்புவார்கள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் நெற்றியில் வியர்ப்பதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

வாயைத் திறக்கிறாள். அவள் சொல்லி முடித்ததும் நான் விலகிக்கொள்வேன். தொண்ணூற்றெட்டின் இடத்தில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், உறை பிரிக்காத பேனா உங்கள் கையில் இருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியைச் சத்தமாக வாசித்தால் மூன்று பாடமாவது தேறும். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், 'நானும்தான்' மட்டும் வேண்டாம்.

"நான் படிக்கல. பதினோரு நாளா ஒரு வரிகூட உள்ள போகல. பயமா இருக்கு."