கான்யாவுக்குத் தீர்ப்பு

கஷூபிய ஏரிக்கரை ஊர்களில் யோவான் திருநாளன்று ஒரு பருந்தை விசாரித்து, ஊரின் கேடு அத்தனையையும் அதன் தலையில் கட்டி, கழுத்தை வெட்டுவார்கள். அதன் பெயர் கான்யா. ஆதியில் எல்லா உயிர்களும் சேர்ந்து ஓடை வெட்டியபோது, கால் சேறாகுமென்று ஒதுங்கி நின்ற சோம்பேறிப் பெண்தான் சாபத்தால் கான்யாவானாள் என்பது ஊர்ப்பேச்சு. மழைத்துளி தவிர வேறு தண்ணீர் அவளுக்கு ஆகாதாம். திருடன், கோள்மூட்டி எல்லோருக்கும் அங்கே கான்யா என்றே பட்டம். இப்போதெல்லாம் களிமண்ணில் பிடித்துக் கோழி இறகு செருகிய கான்யாதான்.

இந்த வருஷம் நீதிபதி வேஷத்தை ஓட்டிலியா கேட்டு வாங்கினாள். வெட்டுபவன் வழக்கம்போல ஆல்பின்.

ஊர்ப்பொது வலைக் கொட்டகை எரிந்தபோது, "பெனன்தான் சுங்கான்ல புகையிலை பிடிச்சுக்கிட்டு உள்ள படுத்திருந்தான்" என்று சொன்னவன் இந்த ஆல்பின். பெனன் ஓட்டிலியாவின் தம்பி. அந்த நேரத்தில் பெனன் அவளுடைய அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அக்கா பேச்சை யார் நம்புவார்கள்? அதன்பின் மீன்பிடிக்க ஒருவரும் அவனைப் படகில் ஏற்றவில்லை. துறைமுகத்துக்குக் கூலிக்குப் போனவன் அங்கேயே செத்தான். பழி மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

விசாரணையில் யாரைக் குத்திப் பேசினாலும் அவர் சிரித்துவிட வேண்டும். கோபப்பட்டால் குற்றம் அவருடையது. ஓட்டிலியா நம்பியிருந்தது இதைத்தான்.

"ஏய் கான்யா! மாரியான் வீட்டுப் பால் திரிஞ்சது உன்னாலதானே? பாதிரியாரோட வாத்த வறுத்துத் தின்னதும் நீதானே?"

கூட்டம் சிரித்தது. ஆல்பினும் வாளைச் சுழற்றிச் சிரித்தான்.

"வலைக் கொட்டகைக்கு வேணும்னே தீ வெச்சதும் நீதானே? அடுத்தவனுக்கு மீன் விழுதேன்னு வயிறெரிஞ்சு வெச்சியே!"

ஆல்பினின் சிரிப்பு நின்றது. "ஓட்டிலியா, விளையாட்டுன்னா விளையாட்டா இருக்கணும்."

"நான் பறவைகிட்டப் பேசுறேன் அண்ணே. உங்களுக்கு ஏன் வேர்க்குது?" மறுபடி சிரிப்பு. அவள் விடவில்லை. "கொலைகாரக் கான்யா! உள்ள ஆள் இருந்தா சாகட்டும்னுதானே கொளுத்தின?"

"வேணும்னு யாருடி கொளுத்தினா? கை தவறி விளக்கு சாஞ்சிடுச்சு, அவ்ளோதான்!"

யாரும் சிரிக்கவில்லை. சுங்கான் என்று சாதித்த அதே வாய். படகோட்டி இசிடோர் மெல்லக் கேட்டார்: "அப்ப பெனன் அங்க இல்லவே இல்லையா?"

ஆல்பின் வாளை ஓங்கிக்கொண்டு களிமண் பறவையிடம் போனான்.

ஊர்த்தலைவர் குறுக்கே வந்தார். "திருநாள்மா. விட்டுடு. அவன் வெட்டி முடிக்கட்டும்."

"இவன் கையால வேணாம்." ஆல்பினிடமிருந்து வாளைப் பிடுங்கி ஒரே வெட்டில் களிமண் தலையைத் தள்ளினாள் ஓட்டிலியா. நெஞ்சு குளிர்ந்தது. கொஞ்சமும் உறுத்தவில்லை.

"இப்பச் சொல்லு. என் தம்பி மேல தப்பில்லன்னு சொல்லு."

ஆல்பின் முனகினான்.

"கேக்கல."

அழுகையும் ஆத்திரமுமாக அவன் அதைக் கத்திச் சொன்னான். ஏரியின் அக்கரைக்கே கேட்டிருக்கும். தலைவர் வாளுக்காகக் கை நீட்டினார். ஓட்டிலியா கொடுக்கவில்லை, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவனைப் படகுல ஏத்த மாட்டேன்னவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா முன்னால வந்து இதையே சொல்லுங்க. மொதல்ல நீங்க, தலைவரே."