நீலக்கோடு முந்தித் திரும்பிய இடம்

1

இந்தக் கதை பேருந்தில் பிறந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மடியிலிருந்த கணினியில் நீலமும் சிவப்புமாக இரண்டு கோடுகள் நெளிந்துகொண்டிருந்தன. என்னவென்று கேட்டேன். போர் விளையாட்டின் பதிவுக் கோப்பைக் காலக்கோட்டுப் படமாக்கும் நிரல் ஒன்றை எழுதியிருப்பதாகவும், யார் எப்போது என்ன கட்டளையிட்டார் என்று அதில் தெரியும் என்றும் சொன்னார். யாரைப் பிடிக்க என்றேன். கணினியை மூடிவிட்டார். அவர் மூடியதை நான் திறக்கிறேன். இனி எல்லாம் கற்பனை.

2

கடற்கரையில் ஒரு நண்டு, மணலில் கண்ட தடத்தைத் திருடனுடையது என்று

(வேண்டாம். நண்டைக் கண்டதுமே நீங்கள் நீதியை மோப்பம் பிடித்துவிடுவீர்கள்.)

மறுபடியும்: தம்பி ஒரு போர் விளையாட்டில் தோற்றுப்போனான். தோற்கடித்தவர் அக்காவின் கணவர். ஒரே வீடு, அடுத்தடுத்த அறைகள். அந்த விளையாட்டில் தன் வேவுக்காரன் போய்ப் பார்க்காத நிலம் ஆடுபவருக்கு இருட்டாகவே இருக்கும். தம்பி தன் படையைக் கோடியில் இருந்த காட்டில் ஒளித்திருந்தான். அவனுடைய நிரல் வரைந்த படத்திலோ, அத்தானின் வேவுக்காரன் காட்டை எட்டுமுன்பே அவருடைய நீலக்கோடு அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நிரலை வரிவரியாகச் சோதித்தான், பிழையில்லை.* அப்படியானால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு அறைக்கும் தேநீர் கொண்டுவந்தவள் அக்கா ஒருத்திதான்.

*கோப்பில் கட்டளைகள் மட்டுமே பதிவாகும். காதில் விழுந்தவை பதிவாகா.

3

[ஓர் ஆட்டத்துக்காகவா அக்காவைச் சந்தேகிப்பான்? பெற்றோர் போனபின் அவனை வளர்த்தவள் அவள். இப்போது அவள் யார் பக்கம் என்பதுதான் அவன் கேள்வி. ஆட்டம் ஒரு சாக்கு.]

படத்தை அவள்முன் நீட்டி, நீயா சொன்னாய் என்று கேட்டான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"இதுல என் கோடு எதுடா?"

"இல்ல. அதனாலதான் கேக்கறேன்."

"எதையாவது மறைச்சா நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டுக்குவ. அந்தச் சத்தம் அடுத்த ரூமுக்கே கேக்கும். ஒளிஞ்சு விளையாடறப்பவும் இருக்கறதுலயே தூரமான மூலைக்குத்தான் ஓடுவ. சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான்."

"அது உனக்குத் தெரியும். அத்தானுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"எப்ப?"

4

இந்த இடத்தில் அவள் பதிலை இருமுறை எழுதி இருமுறையும் அடித்துவிட்டேன். "கல்யாணமான புதுசுல" என்றால் தம்பி சாப்பிட உட்காருவான். "டீ குடுக்கறப்ப" என்றால் பெட்டியைக் கட்டுவான். இரண்டையும் அவள் ஒரே முகத்தோடுதான் சொல்கிறாள். படைத்த எனக்கே பிடிகொடுக்கவில்லை.

அவன் காத்திருக்கிறான். பதிலை நீங்களே எழுதிவிடுங்கள். ஆனால் உங்கள் வீட்டார் யாரும் எட்டிப்பார்க்காத நேரமாகப் பார்த்து எழுதுங்கள்.